மதிலும் தெருவும்

திறந்த கடலால் வாழும் ஊர் தூத்துக்குடி. இவ்வூரிலும் மூடிய தெருக்கள் தோன்றத் தொடங்கியிருப்பது பொதுஜனங்கள் கவனிக்கத்தக்க விஷயமாகும்.

பெருநகரங்களில் பரவிய புதுவழக்கம் ஒன்று இப்பொழுது நம் ஊர்ப்புறத்திலும் காலூன்றி வருகிறது. பல வீடுகளை ஒரே மதிலால் வளைத்து, ஒரே வாயில் வைத்து, அங்கே காவலரை நிறுத்துகிறார்கள். அத்தகைய குடியிருப்பு ஒன்றுக்கு, ஓர் அன்பரைக் காணும் பொருட்டு அண்மையில் சென்றிருந்தோம். நம் பெயர், தொலைபேசி எண், வந்த காரியம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, படமும் பிடித்துக்கொண்ட பின்னரே பிரவேசம் கிடைத்தது. உள்ளே நீச்சல் குளமும் பசும்புல் தரையும் கண்டோம். அன்பரின் உபசாரத்தில் யாதொரு குறைவுமில்லை. ஆயினும், வீட்டு வேலை முடித்துத் திரும்பிய ஸ்திரீகளின் பைகள் வாயிலிலே சோதிக்கப்பட்டன. நம் பையை எவரும் தொடவில்லை. அம்மதில் எவரைச் சந்தேகித்து எழுப்பப்பட்டது என்பது நமக்கு அப்பொழுது விளங்கிற்று.

இச்சந்தேகம் நியாயந்தானா? அவ்வீடுகளைக் கட்டிய கைகள் வெளியே நிற்போரின் கைகளே. உள்ளே உண்ணும் சோற்றில் சேரும் உப்பு, அளங்களில் கடும் வெயிலில் நின்று வாரியவர்களின் உழைப்பே. முத்துக்குளித்துறையிலும் முன்னாளில் இவ்வாறே நடந்தது. மூச்சடக்கி மூழ்கியவன் சிப்பியை எடுத்தான். அதில் பெரும்பங்கை ஆங்கில சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1961-ஆம் ஆண்டோடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. பொருளை ஆக்கியவனை அதன் வாயிலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கமோ நிற்கவில்லை.

ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியது எதன் பொருட்டு? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல்வழி ஓர் ஆங்கிலக் கம்பெனியின் தனிச்சொத்து அன்று என்று நிலைநாட்டும் பொருட்டன்றோ? 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச்சு மாதத்தில் தொழிலாளர் வெற்றி பெற்றனர். கடல்வழியையே பொதுவாக்க முயன்றவர்களின் ஊரில் தெருவழியை அடைப்பது தகுமா?

பாதுகாப்பு வேண்டாமென்று நாம் கூறவில்லை. தம் வீட்டுக்குக் கதவிட எவருக்கும் உரிமையுண்டு. அடுக்குமாடிக் கட்டிடங்களுக்குள் உள்ள வழி, அங்கு வசிப்போரின் பொதுச் சொத்தாகவே இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் நிலை வேறு. அதன் சாலைகளைத் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைத்த பின்னரே மனைகளை விற்கலாம். மேலும் 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக எஞ்சிய நிலத்தில் நூற்றுக்குப் பத்து பங்கைப் பூங்கா போன்ற பொது உபயோகத்துக்கென அளித்தல் வேண்டும். இவ்வாறு அளித்த நிலம் ஊரார் சொத்து. அதைக் கொடுத்தவரே மீண்டும் வாயிலிட்டு அடைப்பாராயின், வலக்கையால் ஈந்ததை இடக்கையால் பறிப்பதாகும்.

ஆதலின் நம் ஊழியர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. மதிலைக் கண்டு கோபிப்பதால் பயனில்லை, கல்லெறிவதாலும் பயனில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, அங்கீகரித்த வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ கேட்டுப் பெறுங்கள். எந்தத் தெரு ஊருடையது, எந்தப் பூங்கா ஊருடையது என்று பட்டியல் செய்து மன்றத்தின் முன் வையுங்கள். ஊருடையதாயின், வேலைக்காரியின் குழந்தையும் அப்பூங்காவில் விளையாடலாம். அதற்கு எந்தக் காவலனுடைய அனுமதியும் வேண்டியதில்லை.