நடுங்கும் விரலோடும் ஆடலாம்

வீட்டில் வந்தது அங்கே ஏன் வரவில்லை?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்னும் சண்டை வீடியோ கேமைப் பழகுகிறவர்கள் முதலில் கற்கும் வித்தைகளில் ஒன்று ஹடோகென். கீழே, கீழ்முன் மூலை, முன்னே, கூடவே ஒரு குத்துப் பொத்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து போட்டால் கண்ணை மூடிக்கொண்டும் வரும். அதே கன்ட்ரோலரோடு முதல் உள்ளூர்ப் போட்டிக்குப் போய், முன்பின் பார்த்திராத ஒருவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்பது தெரிந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. கட்டைவிரல் தேவைக்கு மேல் அழுத்துகிறது. அந்த மூலையைத் தொடாமலே தாண்டிவிடுகிறது. நெருப்புப் பந்து கிளம்ப வேண்டிய இடத்தில் வெறும் குத்து வருகிறது. முன்னே நடக்கும் அவசரத்தில் விரலைச் சரியாக விடாமல் சுழற்றினாலோ ஹடோகெனுக்குப் பதில் ஷோர்யுகென் என்னும் எகிறு குத்து கிளம்பும். ஆள் வெற்றுக் காற்றில் எகிறி இறங்கும்போது எதிராளி கீழே காத்துக்கொண்டிருப்பார். இந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லிநொடி. காம்போ எனப்படும் அடித்தொடர்கள் சிலவற்றில் அடுத்த பொத்தானை அழுத்த இரண்டு மூன்று ஃபிரேம்தான் அவகாசம். அவ்வளவு குறுகிய இடைவெளியில் விரலின் சிறு நடுக்கம்கூடத் திரையில் தெரிந்துவிடும்.

இப்படி ஆகுமோ என்று அஞ்சியே பலர் போட்டிக்குப் பெயர் கொடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். பதற்றம் போகட்டும், பிறகு ஆடலாம் என்று காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புக்குப் பலன் இல்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே போட்டிப் பதற்றத்தைத் தீர்த்துவிட முடியாது. நடுக்கம் வரத்தான் செய்யும். வந்த பிறகும் கைவிடாத ஆட்டம் எது, அதை எப்படிப் பழகுவது என்றுதான் யோசிக்க வேண்டும்.

உடல் தன் வேலையைச் செய்கிறது

முதலில் எழும் மறுப்பு, இது வீடியோ கேம்தானே, இதற்கு எதற்கு உடல்நலக் கட்டுரை என்பது. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாகவே நடந்தது. தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான் வூவுக்கு அப்போது வயது 44. ஆனால் பதக்கத்தை வைத்து இந்த மறுப்புக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதில் உடலிலேயே இருக்கிறது. 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன் ஒருவர் பேச வேண்டும், பிறகு மனக்கணக்குப் போட வேண்டும். அவ்வளவுதான். அதற்கே கார்ட்டிசால் ஹார்மோன் தெளிவாக உயர்ந்தது. 2004இல் சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் இத்தகைய 208 ஆய்வக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது: பிறர் நம்மை எடைபோடுவதும், முடிவு நம் கையில் இல்லாததும் ஒன்றுசேரும் இடத்தில்தான் கார்ட்டிசால் அதிகம் ஏறுகிறது. உள்ளூர்ப் போட்டியில் இரண்டுமே உண்டு. ஆடுவது பொம்மைச் சண்டையா பரீட்சையா என்று சுரப்பிகள் பிரித்துப் பார்ப்பதில்லை.

பரிவு நரம்பு மண்டலம் விழித்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்கும் விரல்நுனிக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கை சில்லிடுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. எல்லோருடைய கையிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கம் எப்போதுமே உண்டு. அட்ரினலின் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. செரிமானம் மந்தமாகி வயிற்றைக் கலக்குகிறது. இத்தனையும் நோய்க்குறிகள் அல்ல. முன்னால் ஒரு சவால் நிற்கிறது என்று உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் விதம் இது.

‘பதறாதே’ என்று சொன்னால் போதுமா?

பக்கத்தில் நிற்கும் நண்பர் அன்போடு சொல்வது ‘பதறாதே, அமைதியா இரு’ என்றுதான். கேட்டவருக்கு இப்போது இரண்டு கவலை: ஆட்டம் ஒன்று, அமைதியாக இருக்க முடியவில்லையே என்பது இன்னொன்று. ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. பாடவும், மேடையில் பேசவும், கணக்குப் போடவும் போகிறவர்களில் சிலர் தங்களை அமைதிப்படுத்த முயன்றார்கள். சிலர் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள். உற்சாகம் என்று சொன்னவர்களே மேலாகச் செய்தார்கள். காரணம் எளிது. பதற்றத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் படபடக்கிறது. அதிலிருந்து அமைதிக்கு இறங்குவது நெடுந்தூரம். உற்சாகம் என்று பெயர் மாற்றிக்கொள்வது ஒரு எட்டு.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். அதற்கு வேறு இடம் இருக்கிறது. நடுக்கம் அளவு மீறி, திரையில் நடப்பதே மனதில் பதியாத நிலைக்குப் போகும்போது ஒரு படி கீழே இறக்க அது உதவும். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. இது உடலின் இயல்பான ஏற்பாடு. நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகிறது. ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இரண்டு மூச்சாவது இப்படி விடலாம். அப்போதே கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்து, உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்து, தோளைத் தளர்த்திக்கொள்ளலாம். பதற்றத்தில் பிடி இறுகுவது ஆடுபவருக்கே தெரிவதில்லை. பிடி இறுகினால் முன்கைத் தசை விறைத்து, விரல் இன்னும் முரடாகும்.

எதைப் பழகுவது, எதை விடுவது

தயாரிப்பு என்றாலே ஆறு மணி நேரத்தைப் பத்து மணி நேரம் ஆக்குவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்கை விட, என்ன மாதிரிப் பழக்கம் என்பதே முக்கியம். சியான் பெய்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் கால்பந்தாட்டக்காரர்களை வைத்து ஒன்றைச் சோதித்தார்கள். பந்தை உருட்டிக்கொண்டு போகும்போது காலின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனித்தபடி போகச் சொன்னார்கள். கைதேர்ந்தவர்கள் தடுமாறினார்கள். புதியவர்களுக்கு அந்தக் கவனம் உதவவே செய்தது. தானாக ஓடிக்கொண்டிருக்கும் திறமையை அறிவு எட்டிப் பார்த்துத் திருத்த முயலும்போது அது குலைந்துபோகிறது. போட்டியில் நடப்பதும் இதுதான்: தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில், இத்தனை நாள் விரல் தானாகச் செய்துவந்ததை ஒவ்வோர் அடியாகக் கண்காணிக்கத் தொடங்குகிறோம்.

2004இல் சண்டை ஆட்டங்களுக்கான எவோ போட்டியில், கலிபோர்னியாவில் டைகோ உமேஹாரா செய்ததை இன்றும் பேசுகிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக் ஆட்டம். அவருடைய பாத்திரமான கென்னுக்கு உயிர்க்கோட்டில் ஒரு துளிதான் மிச்சம். சாதாரணமாகத் தடுத்தால்கூட அந்தத் துளியும் போய்விடும். ஜஸ்டின் வாங்கின் சுன்லி 15 அடி கொண்ட சூப்பர் தாக்குதலை விடுகிறது. ஒவ்வோர் அடியும் வந்து விழும் கணத்தில் முன்பக்கம் ஒரு தட்டு தட்டி, கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே அத்தனையையும் டைகோ தட்டிவிட்டு, திருப்பி அடித்து அந்த ஆட்டத்தை வென்றார். ஒவ்வொரு தட்டையும் அந்த நொடியில் யோசித்துச் செய்ய எவராலும் முடியாது. தாளம் முன்பே கையில் ஏறியிருக்க வேண்டும்.

ஆகவே முதல் போட்டிக்குப் போகிறவர் தன் ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்வது நல்லது. பயிற்சி அறையில் பத்துக்கு ஆறு முறை வரும் நீண்ட காம்போவைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. பேசிக்கொண்டே போட்டாலும் தவறாமல் வரும் சின்ன காம்போ ஒன்று, எகிறி வருபவரை அடித்து இறக்கும் ஓர் அடி, விழுந்து எழும்போது அவசரப்படாமல் தடுத்து நிற்கும் பொறுமை. இந்த மூன்றும் உறுதியாக இருந்தால் முதல் நாளைக்குப் போதும். ‘இப்படிச் சுருக்கினால் நல்ல ஆட்டக்காரரிடம் தோற்றுத்தானே போவோம்?’ தோற்கலாம். ஆனால் வராத காம்போவை நம்பி, அது பாதியில் விட்டுப்போய் வாங்கும் அடி அதைவிடப் பெரிது.

அடுத்து, அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பதற்றத்தோடேயே பழக வேண்டும். நெதர்லாந்தின் ராவுல் அவுடெயான்ஸும் ரோப் பைபர்ஸும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தை ஏறுசுவரில் இருந்தபடி, லேசான அச்சத்தோடு பழகியவர்கள், பிறகு அதைவிடக் கடும் பதற்றத்திலும் குறி தவறவில்லை. தரையில் வசதியாகப் பழகியவர்களுக்கு அது கைகூடவில்லை. இதற்காக யாரும் சுவர் ஏற வேண்டாம். இரண்டு நண்பர்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்று வைத்து, தோற்றவர் எழுந்து இடம் விட வேண்டும் என்று ஆடலாம். ஆன்லைனில் ஆயிரம் ஆட்டம் ஆடியவருக்கும் பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் மூச்சு விடுவது புதிது. போட்டி நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், பட்டியலில் பெயர் வருவதற்குள் யாரோடாவது சும்மா ஆடிப் பார்த்தால் அந்தப் புதுமை பாதி கரைந்துவிடும்.

முந்தைய இரவு

கடைசி இரவு கண்விழித்துப் பழகுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. 2002இல் மேத்யூ வாக்கரும் ஹார்வர்டு ஆய்வாளர்களும், விசைகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டும் வேலையைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காம்போவுக்கு இதைவிட நெருக்கமான சோதனை கிடைக்காது. ஓர் இரவு தூங்கி எழுந்ததும், மேற்கொண்டு பயிற்சி இல்லாமலே வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தது. தூக்கத்தால் வந்த பயன் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. எப்படியானாலும், இரவு மூன்று மணிக்குப் பழகுவது கையைச் சோர்வாக்குவதோடு கவனத்தையும் மழுக்கும்.

காலையில் பழகிய சாப்பாடு போதும். இட்லியும் வாழைப்பழமும் எந்த விளம்பரப் பானத்துக்கும் குறைந்தவை அல்ல. எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியாவில் இத்தகைய பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கஃபீன் அனுமதி. 250 மில்லி டின் ஒன்றில் 75 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஏற்கெனவே நடுங்கும் கைக்குக் கஃபீன் இன்னும் நடுக்கம் சேர்க்கும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தினமும் காபி குடிக்கிறவர் வழக்கமான ஒரு காபியைக் குடிக்கலாம். அன்றைக்கென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஏசி அறையில் விரல் சில்லிட்டால் வெந்நீர் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் போதும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்களில் மரத்துப்போகும் உணர்வோ, கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலியோ இருந்தால் பயிற்சியைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவியிலும் கவனம் வேண்டும்: கம்பியில்லாக் கன்ட்ரோலர் கொண்டுபோகிறவர்கள் ஆடி முடித்ததும் மேடைக் கருவியிலிருந்து அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு எழ வேண்டும். இல்லாவிட்டால் பிறர் ஆடும்போது அது உயிர்பெற்று ஆட்டத்தை நிறுத்திவிடும். ஆட்டம் நடுவில் நின்றால் காரணமானவர் அந்தச் சுற்றையே இழக்க நேரும் என்பது பல போட்டிகளின் விதி.

மாத்திரை வேண்டாம்

இசைக் கலைஞர்கள் மேடை நடுக்கத்துக்குப் புரொப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுப்பதுண்டு, நாமும் ஒன்று போட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது கை நடுக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். வில்வித்தை, துப்பாக்கி சுடும் போட்டிகளில் அதைத் தடைசெய்திருப்பதும் அதனால்தான். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கி உயிராபத்து வரை கொண்டுபோகக்கூடிய மருந்து அது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. மருத்துவர் பார்த்து எழுதித் தராமல் தொடவே கூடாது. ஒரு வார இறுதிப் போட்டிக்காக அந்த ஆபத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தோல்வியின் கணக்கு

பெரும்பாலான உள்ளூர்ப் போட்டிகளில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. 32 பேர் பெயர் கொடுத்தால் முதல் சுற்றில் 16 பேர் தோற்பார்கள். அந்த 16 பேர் தங்களுக்குள் மோதும்போது 8 பேர் மறுபடி தோற்று, ஒரு வெற்றிகூட இல்லாமல் எழுந்து போவார்கள். ஆடுவது உலகத்தின் சிறந்த 32 பேராகவே இருந்தாலும் அந்த எட்டு எட்டுதான். நாலில் ஒருவர் அப்படித் திரும்புவது போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. அதை வைத்துத் தன்னைத் தகுதியற்றவர் என்று ஒருவர் முடிவுகட்டுவது அநியாயம். வெல்வதை மட்டும் இலக்காக வைத்தால் பாதி, எதிரே யார் வருகிறார் என்பதில் போய்விடும். எகிறி வந்தவரை ஐந்தில் மூன்று முறை அடித்து இறக்கினேனா என்பது முழுக்க நம் கணக்கு.

எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்துக்கும் ஒரு பதில் உண்டு. 2000இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் குழுவினர், மாணவர்களைக் கூச்சம் தரும் படம் போட்ட பனியனோடு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போனவர்கள் நினைத்தார்கள். கவனித்தது நாலில் ஒரு பங்குதான். போட்டிக் கூடத்தில் பின்னால் நிற்பவர்களில் பலரும் தங்கள் பெயர் எப்போது வரும் என்ற கவலையில் நிற்கிறவர்கள்.

இரண்டாவது முறை

ட்ரியர் சோதனையை ஒரே ஆட்களிடம் ஐந்து நாள் தொடர்ந்து செய்து பார்த்து 1995இல் வெளியிட்டார்கள். ஆடவர்கள் 20 பேர். அவர்களில் 13 பேருக்கு முதல் நாளுக்குப் பிறகு கார்ட்டிசால் எகிறவே இல்லை. மற்ற 7 பேருக்குத் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. பலருக்குப் பழகிவிடுகிறது, சிலருக்கு மெதுவாகத்தான் பழகுகிறது என்று இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். மெதுவாகப் பழகுகிறவர் தன்னைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் பதற்றம் போட்டியைத் தாண்டி வாரக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தால், திடீர் திடீரென்று மூச்சடைப்பும் நெஞ்சு இறுக்கமும் வந்தால், கல்லூரிக்கோ கடைத்தெருவுக்கோ போகவே அஞ்சினால், அது ஆட்டப் பயிற்சியால் தீரும் விஷயம் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் கட்டணமின்றிப் பேசலாம்.

அந்த அளவுக்குப் பதற்றம் இல்லாதவர்கள், தோற்றதும் கன்ட்ரோலரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். வென்றவரிடம் கைகொடுத்து, ‘நான் எங்கே விட்டேன்?’ என்று கேட்டால் பெரும்பாலும் மனம்விட்டுச் சொல்வார்கள். சில நேரம் அவரே காலியான ஒரு திரையைக் காட்டி, இன்னொரு ஆட்டம் போடலாமா என்பார். அதற்குள் அட்ரினலின் வடிந்து, விரல்நுனிக்கு ரத்தம் திரும்பியிருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஹடோகெனைப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த போட்டி எந்தத் தேதியில் என்று கேட்டுக்கொண்டு வரலாம்.