தொழிலோடு தூரதேசம் – 9: சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு ஜெர்மனி

சென்ற வாரம் கனடாவைப் பார்த்தோம். கலைஞர்களுக்கும் விளையாட்டுத் துறையினருக்கும் அங்கே இருந்த சுயதொழில் குடியேற்றத் திட்டம், 2024 ஏப்ரல் 30 முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்காமல் நிறுத்திவைக்கப்பட்டது. இந்த வாரம் ஜெர்மனி.

அந்நாட்டுக் குடியிருப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சொந்தத் தொழில் செய்கிறவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. கடை, உணவகம், ஏற்றுமதி என்று வியாபாரம் நடத்துகிறவர்கள் ஒரு வகை. எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர், பத்திரிகையாளர், பொறியாளர் என்று படிப்பையும் திறமையையுமே முதலாகக் கொண்டவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு அங்கே ஃப்ரைபெரூஃப்ளர் என்று பெயர். வியாபாரப் பதிவு வேண்டாம், தொழில்வரியும் கிடையாது. மென்பொருள் எழுதுகிறவர்கள்தான் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பொறியியல் பட்டமும் அதற்கேற்ற வேலையும் இருந்தால் ஃப்ரைபெரூஃப்ளர் ஆகலாம். இல்லாவிட்டால் வியாபாரக் கணக்கில் போய்விடும். வரி விஷயத்தில் அதை முடிவு செய்வது அங்குள்ள வரி அலுவலகம்.

விசா விண்ணப்பத்துக்கு உயிர் கொடுப்பது, ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளர்கள் தரும் கடிதங்கள். 'இவரிடம் இன்ன வேலை கொடுக்க விரும்புகிறோம், இவ்வளவு தருவோம்' என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு நிறுவனத்தின் கடிதத்தோடு போனால், சுயதொழில் என்ற பெயரில் சம்பள வேலை பார்க்கப் போகிறாரோ என்ற சந்தேகம் வரும். மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்களுக்கு அங்கே தொழில் செய்யும் உரிமமோ, அது கிடைக்கும் என்ற உறுதியோ முன்கூட்டியே வேண்டும். வயது 45-ஐத் தாண்டியவர்கள் முதுமைக்காலத்துக்குப் போதிய ஓய்வூதிய ஏற்பாட்டையும் காட்ட வேண்டும். நாற்பதுகளில் இருப்பவர்கள் இதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

கலைஞர்களுக்கு ஜெர்மனி செய்திருக்கும் ஓர் ஏற்பாட்டைப் பாராட்டியே ஆகவேண்டும். 1983 முதல் நடக்கும் கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியம் அது. சொந்தமாகத் தொழில் செய்யும் எழுத்தாளரும் இசைக்கலைஞரும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிச் சந்தா கட்டினால் போதும். மீதியை அவர்களின் படைப்புகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் மத்திய அரசும் ஏற்கின்றன. பொதுவாக, ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் கலைவழி வருமானம் இருக்க வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் அதிலும் விலக்கு உண்டு. கலையை நம்பி வாழ்கிறவர்களை ஓர் அரசு இப்படித்தான் மதிக்க வேண்டும்.

ஒரு குறையும் உண்டு. வியாபாரத்தில் வெற்றி கண்டவர் மூன்றே ஆண்டுகளில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். ஃப்ரைபெரூஃப்ளருக்கு அந்தச் சலுகை இல்லை. பொதுவான ஐந்தாண்டு விதிதான். இது நியாயமாக எனக்குப் படவில்லை.

சுற்றுலா விசாவில் போய் இறங்கி, அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வசதி அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாட்டவருக்கு மட்டுமே. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கிருந்தே தேசிய விசா வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அதற்கு முன்னால், அங்கே இரண்டு மூன்று வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.