பஞ்சுருட்டானைப் படம் பிடிக்கக் காற்றைப் பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். முதலமடை மாந்தோப்புகளும் மீன்கரை அணையும் பக்கத்தில்தான். தெற்கே நெல்லியாம்பதி மலை. இந்தப் பக்கத்து மின்கம்பிகளிலும் வேலிக்குச்சிகளிலும் பச்சைப் பஞ்சுருட்டான் தாராளமாகக் கண்ணில் படும். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளமான இந்தப் பறவையைப் பறக்கும்போது படமெடுக்கப் பலரும் விலையுயர்ந்த லென்ஸைத்தான் நம்புகிறார்கள். நான் முதலில் காற்றைப் பார்க்கச் சொல்வேன்.

பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே வந்து உட்காரும். காற்று நம் முதுகில் பட்டால் பறவையின் முகம் நம்மைப் பார்த்து இருக்கும். பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் கீழ்க்காற்று பலமாக அடிக்கும். காலை வெயிலும் கிழக்கிலிருந்தே வருகிறது. அப்போது கிழக்கே முதுகைக் காட்டி நின்றால் காற்றும் வெளிச்சமும் சேர்ந்து உதவும். ஆடி மாதத்து மேல்காற்றில் கதை தலைகீழ். காலையில் வெளிச்சம் ஒரு பக்கம், பறவையின் முகம் இன்னொரு பக்கம். அந்தப் பருவத்துக்கு மாலை நேரமே நல்லது.

இனி வேகம். நொடிக்கு 10 மீட்டர் பறக்கும் பறவை 1/1000 நொடியில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இறக்கை நுனி அதைவிட அதிகம் நகரும். 1/3200 வைத்தால் உடலின் நகர்வு 3 மில்லிமீட்டராகக் குறையும். அதனால் ஐஎஸ்ஓ ஏறினாலும் ஏறட்டும். புள்ளிப்புள்ளியான இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், அசைந்துபோன கண்ணை எந்த மென்பொருளும் சரியாக மீட்டுத் தராது. 500 மி.மீ. லென்ஸில், எஃப் 5.6 வைத்து, 8 மீட்டர் தூரத்தில் எடுத்தால் கூர்மை நிற்கும் ஆழம் ஃபுல் ஃப்ரேம் கேமராவிலேயே 8, 9 சென்டிமீட்டர்தான். பறவை பக்கவாட்டில் இருக்கும்போது அழுத்துவதே பாதுகாப்பு.

பஞ்சுருட்டானிடம் ஒரு வசதி உண்டு. பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய குச்சிக்கே திரும்பும். கிளம்பும் முன் தலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சியின் போக்கைப் பின்தொடரும். அதுதான் உங்களுக்கு அறிவிப்பு. தேனீ கிடைத்தால் குச்சியில் அடித்து, தேய்த்து, கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும். பறத்தலைவிட இந்தச் சில நொடிகள் எனக்குப் பிடித்தவை. அலகில் தேனீ, சிவந்த கண், அதன் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை மூன்றும் ஒரே படத்தில் கிடைக்கும். பின்னால் மாந்தோப்பு வந்தால் பச்சைக்குள் பச்சை கரைந்துவிடும். இரண்டடி நகர்ந்து, தூரத்து மண்வரப்போ காய்ந்த புல்லோ பின்னணியாக வருமாறு நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் எழுந்தால் கேமராவை மூடி வைத்துவிடலாம். தூரத்துப் படம் எதுவும் தெளியாது.

திருத்தத்துக்கு ரா கோப்பு வேண்டும். முதலில் இரைச்சலைக் குறையுங்கள், கடைசியில் கூர்மை சேருங்கள். கூர்மையைப் படம் முழுக்கப் பூசாமல், மாஸ்க் போட்டுக் கண், அலகு, இறகுக்கு மட்டும் கொடுங்கள். கண் கறுப்புப் பட்டைக்குள் இருப்பதால் நிழல் பகுதியைச் சற்று ஏற்றினால் சிவப்பு தெரியவரும். அதிகம் ஏற்றினால் பட்டை சாம்பலாகி, பறவையே வேறாகிவிடும். பச்சையின் செறிவையும் கூட்டாதீர்கள். வெயிலில் அந்த இறகு தானாகவே செம்பொன் கலந்து மின்னும்.

க்ராப் செய்யும்போது இடத்தையும் கொஞ்சம் விட்டுவைக்கலாம். பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளைப் படமெடுத்த மா. கிருஷ்ணனின் படங்களில் விலங்கோடு அதன் காடும் இருக்கும். பறவைக்கு முன்னால், அது பார்க்கும் திசையில், வெற்றிடம் இருந்தால் பறக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

மாசி முதல் வைகாசி வரை கூடுதல் கவனம் தேவை. பஞ்சுருட்டான் மண்சரிவிலும் வரப்போரத்திலும் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் அது. இரையோடு வந்த பறவை வளைக்குள் போகாமல் கம்பியிலேயே காத்திருந்தால், நீங்கள் வளைக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். உடனே பின்வாங்குங்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். உள்ளே குஞ்சுகள் பசியோடு காத்திருக்கும்.