தலை எண்ணிக் கொடுக்கும் மானியம்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அடுத்த லட்சுமிபாய் நகரில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி. சம்பளச் செலவில் 95 சதவீதம் டெல்லி அரசின் மானியம், மீதி நிர்வாகத்தின் பொறுப்பு. தலைநகரில் அந்த மீதியைத் திரட்ட ஆளுண்டு. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலோ பர்கூர் மலையிலோ இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிக்குச் சம்பளம் முழுவதையும் அரசே கொடுத்துவிடுகிறது, உண்மைதான். சம்பளம் போகப் பள்ளியை நடத்தும் காசில்தான் அது தடுக்கி விழுகிறது.

2018-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் 'சமக்ர சிக்ஷா' திட்டம் பள்ளி மானியத்தைத் தலை எண்ணிக் கொடுக்கிறது. 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. சிறிய பள்ளிக்கு மாதம் 833 ரூபாய் தேறும். சாக்பீஸ், பல்பு, குழாய் ரிப்பேர், கழிப்பறை சுத்தம் எல்லாம் அதற்குள். ஆளுக்கு வகுத்தால் சிறிய பள்ளிக்குத்தானே கூடுதல் என்று கேட்கலாம். 25 பேருக்கு ஆளுக்கு 400 ரூபாய், 240 பேருக்கு 208 ரூபாய், கணக்கு சரிதான். ஆனால் ஒழுகும் கூரை தலை எண்ணி ஒழுகுவதில்லை. மலையேறி வரும் சிமென்ட் மூட்டைக்கு ஏற்றுகூலி வேறு.

பிள்ளை குறைந்த பள்ளிகளை இணைத்துவிடலாமே என்பார்கள். நடந்து போகும் தூரத்தில் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கல்வி உரிமைச் சட்டம் 'அருகமைப் பள்ளி' என்கிறது. இணைத்தபின் தூரம் போகும் பிள்ளைக்குப் போக்குவரத்துப் படியாக ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை உண்டு. ஜீப் போகப் பாதை இருந்தால்தான் அதற்குப் பயன். இந்த லட்சணத்தில், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் 'பிஎம் ஸ்ரீ' பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. 2025-இல் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. கொள்கைச் சண்டையில் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கட்டும், குழாய் ரிப்பேர் காசை அதில் பணயம் வைத்ததற்கு நியாயம் இல்லை.

இமயமலை மாநிலங்களுக்கு சமக்ர சிக்ஷாவில் ஒன்றியத்தின் பங்கு 90 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 60. கல்வராயன் மலை சமவெளி மாநிலத்துக்குள் இருப்பதால் அதற்கும் 60தான். மாநில அரசோ மலையில் வேலை பார்க்கும் ஆசிரியர் உள்ளிட்ட ஊழியர்களுக்கு மலைப்படி தருகிறது. அந்த ஆசிரியர் நடத்தும் பள்ளிக்கும் அதே நியாயம் பொருந்தும்: எல்லாப் பள்ளிக்கும் ஒரே அடிப்படைத் தொகை, அதன்மேல் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஒரு பங்கு, மலைக்கு ஒரு படி.