உல்ம் நகரில் நம் ஊர் நரிகள்!

கொட்டாரத்தில் உறவினர் வீட்டுத் திண்ணை. மின்சாரம் நின்றுபோன இரவு. பாட்டி தன் பேரனுக்குக் குரங்கும் முதலையும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். முதலையின் முதுகிலேறி நடு ஆற்றுக்கு வந்த குரங்கு, "நெஞ்சை மரத்திலே வச்சிட்டு வந்துட்டேனே!" என்று சொல்லும் கட்டம். பையன் குறுக்கிட்டான்:

"பாட்டி, படம் உண்டா?"

"படம் என்னத்துக்கு மக்களே? கண்ணை மூடு, தெரியும்."

பாட்டி சொன்னது சரிதான். ஆனால் இந்தக் கதைகளுக்குப் படம் போட மனிதர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அது தனிக் கதை!

பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டிலேயே பாரசீகம் போய்விட்டது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியில் எழுதினார். நம் நரிகளான கரடகனும் தமனகனும் அங்கே கலீலா, திம்னா ஆனார்கள். நாவல் மரம் அத்தி மரமாயிற்று, முதலையோ ஆமையாகிவிட்டது! பிறகு ஹீப்ரு, லத்தீன், அதிலிருந்து ஜெர்மன்.

1483-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் லீன்ஹார்ட் ஹோலே என்ற அச்சுக்காரர் இந்த ஜெர்மன் நூலை நூற்றுக்கு மேற்பட்ட மரக்கட்டைச் சித்திரங்களுடன் வெளியிட்டார். மரக்கட்டை வேலை லேசானதல்ல. பலகையில் படத்தை இடவலம் மாற்றி வரைந்து, கோடுகளை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும். உளி ஓர் இழை வழுக்கினால் சிங்கத்துக்கு மீசை போயிற்று! ஆனால் ஒரு சௌகரியம்: கட்டையும் அச்செழுத்தும் ஒரே உயரம். இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே அழுத்தில் அடித்துவிடலாம். அதனால்தான் அத்தனை படங்கள். முந்தின ஆண்டுதான் தாலமியின் பூகோள நூலைத் தேசப் படங்களுடன் பிரமாதமாக அச்சிட்டிருந்தார் ஹோலே. பாவம், 1484-ல் மனிதர் திவாலாகிவிட்டார்.

நமக்கு இன்னும் நெருங்கிய புத்தகம் ஒன்று உண்டு. 1792 முதல் 1823 வரை தென்னாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளைக் கொண்டு பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் எழுதி, 1826-ல் பாரிஸில் வெளியிட்டார். அதே 1826-ல் சென்னையில் தாண்டவராய முதலியாரின் தமிழ்ப் பஞ்சதந்திரமும் வெளியாயிற்று. அது மராத்தியிலிருந்து வந்தது! நாகர்கோவிலில் மீட் பாதிரியாரின் அச்சுக்கூடம் நடந்ததும் அந்த 1820-களில்தான்.

துபுவாவின் நூல் 1872-ல் மறுபடி வந்தபோது லியோன்ஸ் பெத்தி 13 செம்புத்தகட்டுச் சித்திரங்கள் வரைந்தார். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறித் திராவகத்தில் அமிழ்த்துவார்கள். கீறிய கோட்டைத் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மை நிறைத்து, ஈரக் காகிதம் வைத்து, உருளையால் அழுத்த வேண்டும். எழுத்தோடு சேர்த்து அச்சிட முடியாது. தனித் தாள், தனி யந்திரம், தனிக் கூலி. உல்மில் நூற்றுக்கு மேல் என்றால் பாரிஸில் பதின்மூன்றோடு நின்றதில் வியப்பென்ன?

அந்தப் புத்தகத்தில் பரமார்த்த குருவின் கதையும் உண்டு. முகப்பில் விஷ்ணு சர்மா பெயர் இருக்கிறது. துபுவா பெயரும் சித்திரக்காரர் பெயரும் இருக்கின்றன. பரமார்த்த குருவைத் தமிழில் எழுதிய வீரமாமுனிவர் பெயர் இல்லை. ஓலையில் தமிழ்க் கதையை எழுதிவைத்தவர்களைக் கேட்பானேன்! படம் போட்டவருக்குக் கிடைத்த இடம் கதை சொன்னவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று நமக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

மின்சாரம் வந்தது. பையன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முதலை வரைந்துகொண்டிருந்தான். வால் தாளுக்குள் அடங்கவில்லை. பாட்டி, "கொண்டா பாப்போம்" என்று மூக்குக் கண்ணாடியைத் தேடினாள்.