பெயரை நம்பி வாங்கும் கணினி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்கு முன்னுள்ள இடைவெளியில், கேம் ஆடக்கூடிய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டுமென்று பிள்ளை கேட்பதும், படிப்புக்கும் உதவுமே என்ற யோசனையில் தகப்பனார் சீட்டுப் பணத்தையோ போனஸையோ எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கோ தம் ஊர்க் கடைவீதிக்கோ புறப்படுவதும் நம் மத்தியதரக் குடும்பங்களில் இப்போது சர்வசாதாரணமாகிவிட்டன. அந்த ஆசையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆடுவதற்கென்று வாங்கிய கணினியிலேயே வரைகலையும் நிரல் எழுதவும் கற்று முன்னுக்கு வந்த பிள்ளைகள் அநேகர். ஆனால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் என்பது அந்தக் குடும்பங்களுக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளம். அந்தத் தொகை வீணாகும்போது, பெரும்பாலும் அது வீணாவது பொருளின் பெயரைப் பாதி மட்டும் சொல்லி விற்கும் ஒரு வழக்கத்தால்தான் என்பதையும், பெயரை முழுமையாகப் பில்லில் எழுதி வாங்கியவருக்குச் சட்டம் உறுதியான பரிகாரம் வைத்திருக்கிறது என்பதையும் வாங்கப் போகிறவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

விளையாட்டுக் கணினியில் பணத்தின் பெரும்பகுதியை விழுங்குவது கிராபிக்ஸ் கார்டு. வஞ்சனைக்கு அதிக இடமிருப்பதும் அதில்தான். 2017-இல் வெளிவந்த ஜி.டி. 1030 என்ற மலிவான கார்டுக்கு, மறு ஆண்டே அதே பெயரில் ஒரு தம்பி பிறந்தது. முதலாவதில் வினாடிக்கு 48 ஜிகாபைட் தரவைக் கடத்தும் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம் இருக்க, பின்னதில் சாதாரண டி.டி.ஆர்.4 நினைவகத்தைப் பொருத்தியதனால் அந்த வேகம் 17 ஜிகாபைட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அட்டைப்பெட்டியின் முகப்பிலோ இரண்டுக்கும் ஒரே பெயர். ஆர்.எக்ஸ். 580 என்ற கார்டின் கதையும் இதுவே: மூலப் பொருளில் 2304 கணிப்பு அலகுகள் உண்டு, 2018-இல் சீனச் சந்தைக்கென வந்து பிறகு இங்கும் பரவிய மற்றொன்றில் 2048 மட்டுமே. ஆர்.டி.எக்ஸ். 3050 என்று கேட்டால், 2022-இல் வந்த 8 ஜிபி கார்டையும் தரலாம், 2024-இல் வந்த 6 ஜிபி கார்டையும் தரலாம். பின்னதில் நினைவகம் மட்டும் குறைந்திருக்கிறது என்று வாங்குபவர் எண்ணிக்கொள்வார், ஆனால் கணிப்பு அலகுகள் 2560-லிருந்து 2304-ஆகவும், நினைவகத்துக்குச் செல்லும் பாதையின் அகலம் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் சுருங்கியிருக்கின்றன. இவற்றில் எதையும் போலி என்று சொல்லிவிட முடியாது. குறைந்த விலைக்குக் கிடைத்தால் அவையும் பிரயோஜனமுள்ள பொருள்களே. பெரியதன் விலையைச் சொல்லிச் சிறியதைக் கையில் கொடுக்கும்போதுதான் அநியாயம் நேருகிறது.

உண்மையிலேயே போலியானவையும் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கார்டின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் பயாஸை மாற்றி, அது தன்னைப் புதிய கார்டென்று விண்டோஸிடம் அறிவிக்கும்படி செய்துவிடுகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் பார்த்துத் திருப்தியடைந்தவர் கேமைத் திறந்தபிறகுதான் விபரீதத்தை உணர்வார். இதைக் கண்டுபிடிக்க ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் உதவுகிறது. இத்தகைய போலி என்விடியா கார்டுகளை இனங்கண்டு, பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் காட்டும் வசதியை 2018 முதல் அது பெற்றிருக்கிறது. கடையில் அசெம்பிள் செய்து முடித்ததும், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அதை அங்கேயே ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நேர்மையான வியாபாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பிராசசர் விஷயத்தில் வலை வேறு விதமாக விரிக்கப்படுகிறது. ‘ஐ7 கேமிங் பிசி’ என்ற விளம்பரத்தின் கீழே விற்கப்படும் மலிவுக் கணினிகள் பலவற்றில் இருப்பது 2011-இல் வந்த ஐ7-2600, அல்லது 2013-இல் வந்த ஐ7-4770. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய இயந்திரங்களிலிருந்து எடுத்து, பளபளக்கும் விளக்குகள் வைத்த கேபினெட்டில் குடியேற்றப்பட்டவை. 2022-இல் வந்த ஐ3-12100 என்ற எளிய பிராசசர் விளையாட்டில் அவற்றை எளிதாக முந்திவிடும். பழமையால் வேகம் குறைவதோடு காரியம் முடிவதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஓ, மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. குறுக்கு வழியில் நிறுவிக் கொடுத்தாலும், விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0-வும் செக்யூர் பூட்டும் இருந்தாலொழிய வேலொரண்ட் போன்ற விளையாட்டு திறக்கவே திறக்காது. எந்த விளையாட்டுக்காகப் பிள்ளை ஏங்கினானோ அதுவே ஓடாத இயந்திரம் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

பிராசசர் பெயரின் கடைசியில் வரும் ‘எஃப்’ என்ற எழுத்தையும் கவனிக்க வேண்டும். அது இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. கார்டு வாங்க இப்போது வசதிப்படாதவர்களுக்கு என் யோசனை, ரைசன் 5 5600ஜி போன்று கிராபிக்ஸ் உள்ளமைந்த பிராசசரை வாங்கி, 16 ஜிபி ராமை ஒரே குச்சியாக அல்லாமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாகப் போட்டுக்கொண்டு, பழைய விளையாட்டுகளும் இலகுவான விளையாட்டுகளும் ஆடி, பணம் சேர்ந்தபின் கார்டு வாங்குவது. குச்சி ஒன்றாக இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு நினைவகப் பாதை பாதியாகிவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் மிச்சம் பிடிப்பது பொருளை மட்டுமன்றி வீட்டையும் ஆபத்துக்கு உள்ளாக்கும். ‘கேபினெட்டோடு ஃப்ரீ’ என்று வரும் பெட்டியின் பக்கவாட்டில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, அதன் கீழே உள்ள சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 16 என்றிருந்தால், பன்னிரண்டைப் பதினாறால் பெருக்க, வருவது 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் இந்த 12 வோல்ட் வழியிலிருந்துதான் எடுக்கின்றன, ஆர்.டி.எக்ஸ். 3060 ஒன்றே 170 வாட் கேட்கும். பாரம் தாங்காமல் விளையாட்டின் நடுவே கணினி அணைந்து அணைந்து எழும். ஒரு நாள் அது கருகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம். 80 பிளஸ் சான்றும், தெளிவான வாரண்டியும் உள்ள ஒன்றை வாங்கி, மூன்றாவது முனையில் எர்த் சரியாக உள்ள பிளக்கில் செருகுங்கள். அதற்கு மேலாகும் ஓரிரு ஆயிரத்தை விளக்குகள் வைத்த மின்விசிறியில் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மறைச்செலாவணி தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டுகளை வைத்துச் சுரங்கம் தோண்டும் தொழிலுக்கு முடிவு கட்டியபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. துடைத்து, புதிய ஸ்டிக்கர் ஒட்டினால் அவை புதியனபோலத் தோன்றும். விசிறி தேய்ந்திருக்கிறதா, நினைவகம் சூட்டில் தளர்ந்திருக்கிறதா என்பது அரைமணி நேரமாவது விளையாட்டை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மேலும், இணையத்தில் தம் சொந்தப் பொருளை விற்கும் தனி மனிதர் சட்டத்தின் கண்ணில் வியாபாரி அல்லர். அவரிடம் வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையத்தை நாடுவது கடினம். ‘அட்வான்ஸ் அனுப்புங்கள், பார்சல் வரும்’ என்று சமூக ஊடகத்தில் சொல்லிப் பணம் பறித்தவர்மீது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்வதே வழி. தாமதம் ஆக ஆகப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் குறையும்.

கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தரும் திருட்டு விண்டோஸும் தீங்கானது. அதைத் திறக்கப் பயன்படும் கிராக் மென்பொருள்களின் வழியே கடவுச்சொல் திருடும் நிரல்கள் நுழைவதுண்டு. தெரிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி குற்றமும் ஆகும்.

இனி பில்லைப் பற்றி. ‘பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் மிச்சம்’ என்று சொல்லும்போது நமக்குக் கிடைப்பதாகத் தோன்றும் லாபம், உண்மையில் நம் உரிமைக்கு நாமே வாங்கிக்கொள்ளும் விலை. கணினியில் உள்ள ஒவ்வொரு பாகமும் தன் முழு மாடல் பெயரோடும், நினைவகத்தின் அளவோடும், வகையோடும், சீரியல் நம்பரோடும் பில்லில் தனித்தனியே இடம்பெற வேண்டும். ‘கேமிங் பிசி – 1’ என்ற ஒற்றை வரி எதையும் ருசுப்படுத்தாது. பெட்டியில்லாமல் வரும் டிரே பிராசசருக்கு உற்பத்தியாளரின் நேரடி வாரண்டி பெரும்பாலும் கிடையாது. ஆகையால் அதற்குக் கடைக்காரர் பொறுப்பென்றால் எத்தனை வருஷமென்று அதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2020 ஜூலை 20 முதல் அமலிலுள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பில் கொடுக்க மறுப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வாசகத்தைப் பார்த்து மனம் தளருகிறவர்கள் அதே பிரிவை அறிந்துகொள்ள வேண்டும்: குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற நடவடிக்கையே. இணையத்தில் வாங்கியவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. புகாரைக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். பெட்டியைத் திறக்கும்போது சீரியல் நம்பர் தெரியும்படி வீடியோவும் எடுங்கள்.

முதலில் கடைக்காரருக்கு எழுத்து மூலம் குறையைத் தெரிவித்து, அவகாசம் கொடுத்துப் பார்க்கலாம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்; சில நிறுவனங்கள் அந்த அழைப்புக்கே இறங்கி வருகின்றன. அதுவும் பயன்தராதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் கிரயம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுவுக்குக் கட்டணமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் இல்லாமல் தாமே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனுவை அனுப்பலாம். குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பவும், நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்லுகிறது. நடைமுறையில் அதிகமாகவே ஆகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வழக்குக்காகக் கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டுமே என்று முன்பு பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு அந்தத் தடையை நீக்கியிருக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய கணினிக்காகத் தேனியில் குடியிருக்கும் மாணவன் தேனி மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம்; சென்னைக் கடைக்காரர்தான் அங்கே பதில் சொல்ல வேண்டும்.