வெளிநாட்டில் ஒரு வாரம் சொந்தமா? சட்டம் சொல்வது தெரியுமா?

நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்கு அரை ஏக்கர் வாங்கினாலும் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதவர் நம் ஆள். அவரே வெளிநாட்டு டூரில், ஹோட்டல் ஹாலில் ஜூஸ் குடித்துக்கொண்டே, "வருஷத்துக்கு ஒரு வாரம் இந்த ரூம் உங்களுக்கு" என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்!

இதற்குப் பெயர்தான் டைம்ஷேர். நமக்குப் புதுசா என்ன? 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் டைம்ஷேர் நிறுவனத்துக்குச் சேலத்துக்கு மேலே ஏற்காட்டிலேயே விடுதி உண்டு. ஆனால் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது, தெரியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது! 2008-இல் வந்த விதிப்படி, கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அதுவரை விற்பவர் சல்லிக்காசு வாங்கக் கூடாது. ரத்துப் படிவத்தைத் தராமல் மறைத்தாரா? கெடு ஒரு வருடம் 14 நாளாக நீண்டுவிடும்!

ஸ்பெயின் இன்னும் ஒரு படி மேல். அங்கே 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி டைம்ஷேருக்கு உச்சவரம்பு 50 வருடம். 'ஆயுசுக்கும் உங்களுக்கு, அப்புறம் பேரனுக்கு' என்று கால வரம்பில்லாமல் எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்று 2015 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பேரனுக்குப் போவது பெரும்பாலும் பராமரிப்புக் கட்டணம்தான் என்பது வேறு கதை.

ரத்து செய்யும் கெடு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 10 நாள், மெக்சிகோவில் 5 வேலை நாள். ஊர் வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் கெடு முடிந்துவிடும்!

'தங்காவிட்டால் வட்டியோடு பணம்' என்றால் உஷார். அப்படி விடுமுறைத் திட்டம் விற்ற மும்பையின் ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப்பை, அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2015-இல் செபி தடுத்தது. ஈமு கோழி மோசடியைப் பார்த்த கொங்குச் சீமைக்கு இதை விளக்க வேண்டுமா?

கையெழுத்துப் போட்டாயிற்றா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சேலத்திலோ நாமக்கல்லிலோ மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், தெரியுமா? கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆணை வாங்கிவிடலாம், இந்தியாவில் அலுவலகமே இல்லாதவரிடம் வசூலிப்பதுதான் பெரும்பாடு. அதனால் பேனாவை எடுக்கும் முன்பே விற்பவரின் இந்திய முகவரியைக் கேளுங்கள்.